எவரெஸ்டுக்கு முன்பணம் கட்டும் முன்...

மார்ச் மாதம் பாதி கழிந்த பிறகு, எவரெஸ்டின் தெற்குப் பக்கத்தில் கும்பு பனியருவிக்குள் முதலில் கால் வைப்பவர்கள் ஷெர்பாக்கள் சிலர். சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு என்ற உள்ளூர் அமைப்பு அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. மலை வட்டாரத்தில் 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். தோளில் அலுமினிய ஏணி, கயிற்றுச் சுருள், பனியில் முறுக்கி இறக்கும் திருகாணிகள். நாளொன்றுக்கு ஒரு மீட்டர் வரை கீழ்நோக்கி நகரும் பனியாறு அது. நகர நகர உடையும். மாடிக் கட்டட உயரத்துக்கு நிற்கும் பனிப்பாளங்கள் எந்த நேரமும் சரியலாம். பாளங்களுக்கு நடுவே அடி தெரியாத வெடிப்புகள். அவற்றின் குறுக்கே ஏணியைப் போட்டு, ஓர் ஏணி எட்டாத இடத்தில் இரண்டு மூன்றை ஒன்றோடொன்று கட்டி, கைப்பிடிக்குக் கயிறு இழுத்துப் பாதை போடுகிறார்கள். போட்ட பாதை அப்படியே நிற்பதில்லை. பனி நகர்ந்தால் ஏணி வளையும், ஆணி பிடுங்கிக்கொள்ளும். பருவம் முடியும்வரை மறுபடி மறுபடி உள்ளே போய்ச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பாதை தயாரான பிறகுதான், பல நாடுகளிலிருந்து பணம் கட்டி வந்தவர்கள் கயிற்றில் கொக்கி மாட்டி ஏறத் தொடங்குகிறார்கள். பனியருவிக்கு மேலேயும் அப்படித்தான். ஒவ்வோர் ஆண்டும் ஷெர்பா அணி ஒன்று முன்னால் ஏறி, 8,848.86 மீட்டர் உயர உச்சிவரை கயிறு கட்டி முடித்த பிறகே மற்றவர்களுக்கு வழி. வழிகாட்டியோடு சிகரம் ஏறுவது என்றால் இன்னொருவர் கட்டிய கயிற்றை நம்பி ஏறுவது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டியவருக்கு என்ன கிடைக்கிறது, அவர் 'போதும், திரும்பு' என்றால் நாம் கேட்போமா என்ற இரண்டையும் யோசிக்காமல் பணம் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர்கள் எவரெஸ்ட் கனவோடு காத்மாண்டுக்குக் கிளம்பும் காலம் இது. அவர்களை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரை.

நாடுகளின் மலை, வாடிக்கையாளரின் மலை ஆனது

1953 மே 29 அன்று எட்மண்ட் ஹில்லாரியும் டென்சிங் நோர்கேயும் உச்சியில் நின்றபோது, அவர்களுக்குப் பின்னால் ஜான் ஹண்ட் தலைமையிலான பெரிய பிரிட்டிஷ் குழுவும் நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளும் இருந்தார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு எவரெஸ்ட் நாடுகளின் விவகாரமாகவே இருந்தது. 1965-ல் எம்.எஸ். கோலி தலைமையில் சென்ற இந்தியக் குழு ஒன்பது பேரை உச்சிக்கு ஏற்றியது. 1975-ல் ஜப்பானின் ஜுன்கோ தபெய் முதல் பெண்ணாக ஏறினார். 1984-ல் பச்சேந்திரி பால் முதல் இந்தியப் பெண். இவர்களெல்லாம் பல ஆண்டுகள் மலையிலேயே வளர்ந்து, குழுவில் இடம்பிடித்து ஏறியவர்கள்.

1985-ல் வழக்கம் மாறியது. டிக் பாஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபர், வயது 55, டேவிட் பிரேஷியர்ஸ் என்ற தேர்ந்த மலையேறியின் துணையோடு உச்சியைத் தொட்டார். ஏழு கண்டங்களின் உயர்ந்த சிகரங்களையும் ஏறி முடித்த முதல் மனிதர் அவர். மலையேற்றத்தையே வாழ்க்கையாகக் கொள்ளாத ஒருவரும், சரியான ஆள் கூட இருந்தால் எவரெஸ்ட் ஏறலாம் என்று உலகம் அப்போது தெரிந்துகொண்டது. 1990-களில் வழிகாட்டும் கம்பெனிகள் வந்தன. நியூசிலாந்தின் ராப் ஹால் 1996-ல் ஓர் ஆளுக்கு வாங்கிய கட்டணம் 65,000 டாலர்.

இன்று கணக்கு இப்படி. நேபாள அரசின் பர்மிட் மட்டும் பல ஆண்டுகள் 11,000 டாலராக இருந்து, 2025 செப்டம்பரிலிருந்து வசந்த காலத்துக்கு 15,000 டாலர் ஆகியிருக்கிறது. நம் பணத்தில் ஏறத்தாழ 13 லட்சம். எல்லாம் சேர்த்து நேபாளக் கம்பெனிகளின் கட்டணம் பொதுவாக முப்பது, நாற்பது லட்சம் ரூபாயில் வந்து நிற்கும். மேலைநாட்டுக் கம்பெனிகளில் அதைப்போல இரு மடங்கு, அதற்கு மேலும் உண்டு. இந்த வித்தியாசம் எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓர் ஆளுக்கு எத்தனை ஆக்சிஜன் சிலிண்டர், எத்தனை ஷெர்பா, அடிவார முகாமில் மருத்துவர் உண்டா, வானிலை அறிக்கையைப் பணம் கொடுத்து வாங்குகிறார்களா, அவசரத்துக்கு மாற்று ஆக்சிஜன் ரெகுலேட்டர் மேலே இருக்கிறதா என்று பல இடங்களில் அது ஒளிந்திருக்கும். கூடாரத்தில் காபி நன்றாக இருப்பதும் சேர்ந்திருக்கும்தான். அது உயிரைக் காப்பாற்றாது.

மெதுவாகப் போகிறவரே மேலே போவார்

காத்மாண்டுவிலிருந்து சிறு விமானம் லுக்லாவில் இறங்கும். 527 மீட்டர் நீளமே உள்ள, சரிவாக ஏறும் ஓடுபாதை. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. அங்கிருந்து நடை. 3,440 மீட்டரில் நாம்சே பஜார், 3,867 மீட்டரில் தெங்போச்சே மடம். துக்லா கணவாயை ஏறி முடித்தால் வழியெங்கும் கல் அடுக்கிய நினைவுச் சின்னங்கள். மலையில் மாண்டவர்களின் பெயர்கள். மேலே போகிற ஒவ்வொருவரும் அந்தப் பெயர்களைக் கடந்துதான் போக வேண்டும். 5,364 மீட்டரில் அடிவார முகாம்.

முகாமுக்கு வந்ததும் ஏறத் தொடங்கிவிட முடியாது. முதலில் பூஜை. கல் மேடை கட்டி, லாமா வந்து ஓதுவார். ஜுனிப்பர் தழை புகையும், மந்திரக் கொடிகளைக் கட்டுவார்கள். பனிக்கோடரி, காலணியில் மாட்டும் க்ராம்பான், இடுப்பில் கட்டும் ஹார்னஸ் எல்லாம் மேடைக்குப் பக்கத்தில் ஆசிக்காகக் காத்திருக்கும். பூஜை முடியாமல் பனியருவிக்குள் நுழைய ஷெர்பாக்கள் விரும்புவதில்லை. மலை அவர்களுக்கு தெய்வம் வாழும் இடம். அனுமதி கேட்ட பிறகே காலடி வைக்கலாம். இந்தப் பூஜையில் முழு மனத்தோடு உட்காரும்படி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்வேன். கூட ஏறப்போகிறவரின் அச்சத்தையும் பக்தியையும் நேரில் பார்க்கக் கிடைக்கும் இடம் அது.

பிறகு உடம்பைப் பழக்கும் வேலை. அடிவார முகாமிலேயே காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. சென்னையில் இருக்கும் ஒருவரைத் திடீரென்று அந்த உச்சியில் கொண்டுபோய் விட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். உடம்பு தன் ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ள வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். அதனால்தான் ஏப்ரல் தொடங்கி மே மாத இறுதிவரை நீளுகிறது இந்தப் பயணம். சுமார் 6,000 மீட்டரில் முதல் முகாம், 6,400-ல் இரண்டாவது, பக்கத்துச் சிகரமான லோட்சேயின் சரிவில் 7,200-ல் மூன்றாவது. ஏறுவது, தங்குவது, இறங்கி வந்து ஓய்வெடுப்பது, மறுபடி இன்னும் கொஞ்சம் மேலே போவது. மலையில் இதை 'ரொட்டேஷன்' என்பார்கள். பனியருவியைக் கடக்கும் தடவைகளைக் குறைக்க, முதல் ரொட்டேஷனைப் பக்கத்திலுள்ள 6,119 மீட்டர் லொபுச்சே கிழக்குச் சிகரத்திலேயே முடித்துவிடும் குழுக்கள் இப்போது நிறைய. நல்ல வழக்கம் இது, எல்லாரும் பின்பற்றலாம்.

அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். இரண்டும் சில மணி நேரத்தில் ஆளை வீழ்த்தக்கூடியவை. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான். அசெட்டசோலமைடு, டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகள் இறங்குவதற்கான நேரத்தை வாங்கித் தருமே தவிர, இறங்குவதற்கு ஈடாகா.

கடைசி இரவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 7,900 மீட்டரில் உள்ள தெற்குக் கணவாயிலிருந்து இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பி, விடியும்போது உச்சி, பிற்பகலுக்குள் திரும்பி முகாம் என்பது திட்டம். 8,000 மீட்டருக்கு மேலே உடம்பு எத்தனை நாள் இருந்தாலும் பழகாது. நாளுக்கு நாள் தேயும். முகமூடி வழியாக வரும் ஆக்சிஜன்தான் காலை நகர்த்துகிறது. நான்கு லிட்டர் சிலிண்டரை நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் திறந்தால் எட்டு முதல் பத்து மணி நேரம் வரும். கயிற்றில் முன்னால் ஐம்பது பேர் நின்றுவிட்டால், நிற்கும் நேரத்திலும் சிலிண்டர் காலியாகிக்கொண்டுதான் இருக்கும். 2019 மே மாதம் நிர்மல் புர்ஜா எடுத்த, உச்சி முகட்டில் மனிதர்கள் நெருக்கியடித்து வரிசையில் நிற்கும் படம் உலகம் முழுதும் சுற்றியது. அந்தப் பருவத்தில் எவரெஸ்டின் இரு பக்கமும் சேர்த்து 11 பேர் இறந்தார்கள். 2023-ல் நேபாளம் 478 பர்மிட்கள் வழங்கியது, அதுவரை இல்லாத எண்ணிக்கை. குறைந்தது 17 உயிர்கள் போயின. காற்று அடங்கும் சில நாள்களுக்குள் எல்லாருமே மேலே போயாக வேண்டியிருப்பதுதான் நெரிசலுக்குக் காரணம். பர்மிட்டுக்கு உச்சவரம்பு வைக்காதவரை இது தீராது என்பது என் திடமான கருத்து.

தபால்காரரும் தையல்காரரும்

எவரெஸ்ட் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே இறந்தவர்களின் கதைகள் வேறு மாதிரி.

1996-ல் ராப் ஹாலின் குழுவில் ஓர் அமெரிக்கத் தபால் ஊழியர் இருந்தார். இரவுப் பணி செய்து பணம் சேர்த்தவர். முந்தைய ஆண்டு உச்சிக்கு நூறு மீட்டர் கீழே, தெற்கு முகட்டில் வைத்து, நேரமாகிவிட்டது என்று ஹால்தான் அவரைத் திருப்பி அழைத்து வந்தார். அப்போது அவர் பிழைத்தார். ஆனால் அந்த நூறு மீட்டர் அவரை விடவில்லை. ஹாலும் கட்டணத்தைக் குறைத்து மறுபடி வரச்சொன்னார். 1996 மே 10 அன்று, பிற்பகல் இரண்டு மணிக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும் என்ற விதி இருந்தும், தபால் ஊழியர் நான்கு மணிக்கு மேல்தான் உச்சியை அடைந்தார். ஹால் அங்கே அவருக்காகக் காத்திருந்தார். இறங்கும்போது புயல் பிடித்துக்கொண்டது. தபால் ஊழியரும், உதவிக்கு ஏறிப்போன இன்னொரு வழிகாட்டியும், ஹாலும் இறந்தார்கள். தெற்கு முகட்டில் சிக்கிய ஹால், நியூசிலாந்தில் இருந்த கர்ப்பிணி மனைவியோடு ரேடியோ வழியாகக் கடைசியாகப் பேசினார். அந்தப் புயலில் மொத்தம் எட்டுப் பேர் மாண்டார்கள். அவர்களில் மூவர் வடக்குப் பக்கம் ஏறிய இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள்.

உலகின் தேர்ந்த வழிகாட்டிகளில் ஒருவர், தானே வகுத்த விதியை ஏன் மீறினார்? ஒரே ஆளை இரண்டாவது முறையும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வராததுதான் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளரும் வழிகாட்டியும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பே அங்கே ஆபத்தாகிவிட்டது.

சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2016 மே 21. மேற்கு வங்கத்திலிருந்து சென்ற நான்கு பேர்: ஒரு கை இழந்த தையல்காரர், காவல்துறை அதிகாரி, ஓட்டுநர், செவிலியர். ஆண்டுக்கணக்கில் சேமித்து, கடன் வாங்கி, தங்களால் முடிந்த குறைந்த கட்டணத்துக்கு ஏறியவர்கள். 2014-ல் பனிச்சரிவாலும் 2015-ல் நிலநடுக்கத்தாலும் பருவங்கள் அடுத்தடுத்து கலைந்துபோன பிறகு வந்த வாய்ப்பு அது. இந்த ஆண்டு இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை என்ற நிலை. மெதுவாகவே ஏறினார்கள், பிற்பகல் ஆகியும் மேலேயே இருந்தார்கள். ஆக்சிஜன் தீர்ந்தது. இருட்டில் குழு சிதறியது. செவிலியரை பிரிட்டனின் முன்னாள் ராணுவ வீரர் லெஸ்லி பின்ஸ், தன் உச்சிக் கனவை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கீழே இறக்கிக் காப்பாற்றினார். மற்ற மூவரும் திரும்பவில்லை. ஒருவரின் உடலை அந்த ஆண்டே கொண்டுவந்தார்கள். மற்ற இருவரின் உடல்களும் ஓராண்டு பனியில் கிடந்தன. 2017-ல் மேற்கு வங்க அரசின் செலவில் நேபாளக் குழு ஒன்று ஏறிப்போய் இறக்கியது.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு வருகிறவருக்குத்தான் திரும்புவது மிகக் கடினம். கோடீஸ்வரர் அடுத்த ஆண்டு வருவார். தையல்காரரால் வர முடியாது. இதை அறிந்த கம்பெனி, அத்தகையவரிடம் கூடுதல் கண்டிப்போடு நடந்துகொள்ள வேண்டும். குறைந்த கட்டணத்தில் அந்தக் கண்டிப்பைக் காட்ட ஆள் போதாமல் போகிறது.

அதே இரவில், அதே சரிவில் இன்னொருவரும் இருந்தார். இலங்கையிலிருந்து வந்த ஜொஹான் பீரிஸ். அவரோடு ஏறிய ஜயந்தி குரு-உதும்பால 2016 மே 21 காலையில் உச்சியைத் தொட்டு, எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையர் ஆனார். பீரிஸோ ஏறத்தாழ 8,400 மீட்டரில் ஆக்சிஜனில் சிக்கல் வந்ததும் திரும்பினார். தோழி மேலே போய்க்கொண்டிருக்கும்போது கீழே இறங்குவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்! 2018 மே மாதம் மறுபடி வந்து உச்சியை அடைந்தார். இந்தக் கட்டுரையில் சொன்னவர்களிலெல்லாம் நான் அதிகம் மதிப்பது அவரைத்தான். 2018-ல் ஏறியதற்காக இல்லை, 2016-ல் இறங்கியதற்காக.

சுமை யார் முதுகில்

2014 ஏப்ரல் 18. விடிந்து சிறிது நேரத்தில் கும்பு பனியருவியின் மேல் பெரும் பனிப்பாளம் ஒன்று உடைந்து விழுந்தது. 16 பேர் இறந்தார்கள். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளர்கள். மேல் முகாம்களுக்குக் கூடாரமும் உணவும் கயிறும் அடுப்பும் சுமந்து போனவர்கள். மூவரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. ஈமச் செலவுக்கென்று அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதித்துப்போய் அந்தப் பருவத்தில் ஏற மறுத்தார்கள். தெற்குப் பக்கத்தில் குழுக்கள் மூட்டை கட்டின. அடுத்த ஆண்டு ஏப்ரல் 25 அன்று நேபாள நிலநடுக்கம் கிளப்பிய பனிச்சரிவு அடிவார முகாமையே வாரிக்கொண்டு போனது. குறைந்தது 18 பேர் பலி.

வாடிக்கையாளர் பனியருவியைச் சில தடவைதான் கடக்கிறார். அவருடைய சிலிண்டரையும் தூக்கப்பையையும் சுமக்கும் ஷெர்பா ஒரு பருவத்தில் பலமுறை கடக்கிறார். ஆபத்து அந்த அளவுக்குக் கூடுகிறது. ஒரு ஷெர்பாவுக்கு ஒரு பருவத்தில் கிடைக்கும் சில ஆயிரம் டாலர், நேபாளத்தின் சராசரி வருமானத்தைவிட அதிகம்தான். ஆனால் அதே கயிற்றில் ஏறும் மேலைநாட்டு வழிகாட்டி வாங்குவதில் அது சிறு பங்கு.

இன்னொன்றை வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. பல கம்பெனிகளில் ஷெர்பாவின் வருமானத்தில் கணிசமான பகுதி 'சம்மிட் போனஸ்'. வாடிக்கையாளர் உச்சியைத் தொட்டால் கிடைக்கும். பாதியில் திரும்பினால் குறையும் அல்லது கிடைக்காது. ஆக, நம்மைத் திருப்பி அழைத்துவர வேண்டியவரின் குடும்ப வருமானமே நாம் திரும்பாமல் இருப்பதில் தொங்குகிறது. இப்படி ஓர் ஏற்பாட்டை யார் வகுத்திருந்தாலும் அது தவறு. போனஸை உச்சியோடு முடிச்சுப் போடக் கூடாது. எல்லாரும் பத்திரமாகக் கீழே வந்ததோடு முடிச்சுப் போட வேண்டும்.

இத்தனைக்கு நடுவிலும் அவர்கள் செய்வதைப் பாருங்கள். 2023 மே 18. கெல்ஜே ஷெர்பா, வயது 30, ஒரு சீன வாடிக்கையாளரை உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். 'பால்கனி' என்று சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் மலேசியர் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். கெல்ஜே தன் வாடிக்கையாளரிடம் பேசி, ஏற்றத்தைக் கைவிடச் செய்தார். மலேசியரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, சில இடத்தில் பனியில் இழுத்தும் சில இடத்தில் முதுகில் சுமந்தும், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் 600 மீட்டர் இறக்கினார். நிமா தாஷி ஷெர்பா சேர்ந்துகொள்ள, மூன்றாம் முகாம்வரை கொண்டுவந்து ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். தன் உடம்பையே தூக்க முடியாத உயரத்தில் இன்னொரு மனிதரைச் சுமந்தார் அவர்.

ஷெர்பாக்களைச் சுமைதூக்கிகள் என்று மட்டும் பார்த்த காலம் போய்விட்டது. 1994-ல் முதல்முறை எவரெஸ்ட் ஏறிய காமி ரீட்டா ஷெர்பா, 2025 மே மாதம் 31-வது முறையாக ஏறினார். 2021 ஜனவரி 16 அன்று, அதுவரை யாராலும் குளிர்காலத்தில் ஏற முடியாதிருந்த கே-2 சிகரத்தை பத்து நேபாளிகள் சேர்ந்தே ஏறினார்கள். இன்று எவரெஸ்ட் கம்பெனிகள் பலவற்றை நேபாளிகளே நடத்துகிறார்கள். இது நல்ல மாற்றம். முதலாளி மாறினாலும் மலையில் கடைசியாகச் சுமப்பவரின் காப்பீடும் கூலியும் மாறியிருக்கிறதா என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

நம்மவர்கள்

எவரெஸ்டுக்கும் நம் மண்ணுக்கும் உறவு பழையது. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த நில அளவைதான், பின்னால் ராதாநாத் சிக்தாரின் கணக்குகள் வழியாக இந்தச் சிகரம் உலகிலேயே உயர்ந்தது என்று கண்டுபிடித்தது. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறிய முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் தமிழர்கள். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஆனார். தமிழ்நாடு அரசு நிதி கொடுத்து உதவியது. இவர்களைப் பார்த்து இன்னும் பலர் கிளம்புவார்கள். கிளம்ப வேண்டும்.

ஆனால் உச்சி ஏறினால் கிடைக்கும் மாலையும் பரிசும் தவறான வழியையும் காட்டிவிடுகின்றன. 2016-ல் மகாராஷ்டிரக் காவல்துறையைச் சேர்ந்த ஒரு தம்பதி, ஒட்டுவேலை செய்த படங்களைக் காட்டி எவரெஸ்ட் ஏறியதாகச் சொன்னது அம்பலமாகி, நேபாள அரசு அவர்களுக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. ஏறியவரை மட்டுமே கொண்டாடும் சமூகத்தில் இது நடக்கத்தான் செய்யும். 8,400 மீட்டரில் திரும்பி வந்தவருக்கும் ஒரு மாலை போடப் பழக வேண்டும்.

வழிகாட்டி யார் என்ற கேள்விக்கு நம் மலைகளும் விலை கொடுத்திருக்கின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில், தீ எந்தப் பக்கம் ஏறும் என்று அறிந்த உள்ளூர் ஆள் கூட இருந்து சொல்லியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் மனம் பதைக்கிறது. அதன் பிறகு விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் காட்டை அறிந்த உள்ளூர் மக்களே வழிகாட்டுகிறார்கள். கொல்லிமலையானாலும் கும்புவானாலும் இதுவே சரியான முறை.

எவரெஸ்டுக்கு ஆசைப்படுபவர் முதலில் போக வேண்டிய இடம் காத்மாண்டு அல்ல. 1954-ல் தொடங்கிய டார்ஜிலிங் இமயமலை மலையேற்ற நிறுவனம், 1965-ல் தொடங்கிய உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனம், மணாலியில் உள்ள நிறுவனம் எல்லாமே சலுகைக் கட்டணத்தில் அடிப்படைப் பயிற்சி தருகின்றன. ஏறத்தாழ நான்கு வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்கு இடம். பனியில் விழுந்தால் கோடரியை ஊன்றி எப்படி நிறுத்திக்கொள்வது, கையுறையோடு கொக்கியை எப்படி மாற்றுவது, கயிற்றில் எப்படி இறங்குவது என்று அங்கே கற்கலாம். அதற்குப் பிறகு லடாக்கில் ஓர் ஆறாயிரம் மீட்டர் சிகரம், பிறகு நூன் போன்ற ஓர் ஏழாயிரம். எவரெஸ்டுக்கு முன் ஏழாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றை ஏறியிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கும் மசோதா 2025-ல் நேபாள நாடாளுமன்றத்துக்கு வந்தது. எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம் என்ற விதி 2025-ல் வந்துவிட்டது. இரண்டையும் வரவேற்கிறேன். சட்டம் கேட்கும்வரை காத்திராமல் நாமே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்களே, பணம் அனுப்பும் முன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கென்று எத்தனை சிலிண்டர், அவற்றில் எத்தனை தெற்குக் கணவாய்க்கு மேல் இருக்கும்? என்னோடு ஏறும் ஷெர்பாவின் பெயர் என்ன, அவர் இதுவரை எத்தனை முறை ஏறியிருக்கிறார்? அவருக்கும் சமையல்காரருக்கும் சுமைதூக்கிகளுக்கும் எவ்வளவு காப்பீடு எடுத்திருக்கிறீர்கள்? நான் உச்சியைத் தொடாமல் திரும்பினாலும் அவருக்கு முழுச் சம்பளமும் போனஸும் கிடைக்குமா? உச்சி நாளில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், அதை யார் முடிவு செய்வார்? கடைசிக் கேள்விக்கு மட்டும் உங்கள் பதிலையும் சேர்த்து எழுதுங்கள்: என் வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்புவேன் என்று. உங்கள் வீட்டாரிடமும் அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத கம்பெனிக்கு ஒரு ரூபாயும் முன்பணம் அனுப்பாதீர்கள்.